ஐஸ் பெட்டிக்கு இடம்

"தெர்மாகோல் நல்லா கனமா வைங்க. ஐஸ் சீக்கிரம் கரைஞ்சா எல்லாமே போச்சு" என்றார் படகுக்காரர்.

தச்சர் தலையாட்டிவிட்டு, அறைக்குள் குனிந்து டேப்பை நீட்டினார். கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த சின்னப் படகு அது. அறை என்று பெயர்தான். இரண்டு பேர் முட்டி இடிக்காமல் உட்கார்ந்தால் பெரிய விஷயம்.

டீ கொண்டுவந்த படகுக்காரரின் மனைவி, ஜன்னலோரம் மணலிலேயே நின்றுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் இதே படகு கவிழ்ந்தது. காலி கேனைக் கட்டிப்பிடித்து மிதந்த கணவரை, வேறு படகுக்காரர்கள்தான் தூக்கி வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. போகாமல் இருந்தால் சரி என்று இருந்தாள். இன்றைக்கோ தச்சரைக் கூட்டி வந்துவிட்டார்.

பெட்டி ஆள் படுக்கும் நீளத்துக்கு வேண்டுமாம். உருகுகிற தண்ணீர் வெளியே போக அடியில் குழாய் வேண்டுமாம். சுவர் முழுக்கத் தட்டு அடிக்க வேண்டுமாம். இத்தனை ஐஸும் இத்தனை சாமானும் எதற்கு? கரையே கண்ணில் படாத தூரத்துக்குப் போவதற்குத்தான்.

"இவ்வளவு பெரிசு எதுக்குங்க?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"தேவைப்படும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தச்சர் இப்படியும் அப்படியும் அளந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். தட்டு அடித்தது போக மிச்ச இடத்தில் பாதிப் பெட்டிதான் அடங்கும்; அதையும் வைத்தால் கதவு திறக்காது என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டீயை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, லேசான மனசோடு வீட்டுப் பக்கம் திரும்பினாள். நாலு எட்டு வைத்திருக்க மாட்டாள், உள்ளே பலகை தூக்கும் சத்தம் கேட்டு மறுபடி ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"இங்க இடம் இருக்கு, பாருங்க."

"இது இன்ஜின் வைக்கிற குழியாச்சே. இன்ஜின் எங்க?"

"வித்துட்டேன்."

"இன்ஜின் இல்லாம எப்படிக் கடலுக்குப் போவீங்க?"

படகுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "யாரு போறா? அலையப் பாத்தாலே அந்தக் காலி கேன்தான் ஞாபகத்துக்கு வருது. இப்படியே கரையில நிறுத்தி ஐஸ்கிரீம் விக்கலாம்னு இருக்கேன். பயந்துட்டேன்னு இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள் அவள்.

"அண்ணே, பெட்டி இன்னும் கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்."