அடுத்த வீட்டு முட்டைக்கோஸ்

பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பின்பக்கத்தில் சரக், சரக் என்று ஒரு சத்தம்.

எனக்கு எலி ஓடினாலே நெஞ்சு அடைக்கும். குன்னூருக்குக் கீழே எஸ்டேட் குவார்ட்டர்ஸ். சுற்றிலும் தேயிலை, அதற்கப்பால் காடு. என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் நைட் ஷிப்ட். கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்த ஜெபம் பாதி, அம்மா சொல்லிக்கொடுத்த சுலோகம் பாதி என்று கலந்து முணுமுணுத்தபடி சமையலறை ஜன்னலைத் துளி திறந்து பார்த்தேன்.

அடுத்த வீட்டு மருதாம்பாள் அக்கா. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குனிந்து, என் முட்டைக்கோஸ் நாற்றுகளை மண்ணோடு பெயர்த்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பயம் போய்விட்டது. கோபம் வந்தது. ஆனால் கதவைத் திறக்கிற அளவுக்கு வரவில்லை.

காலையில் வேலியோரம் போய் நின்றேன். அக்காவின் தோட்டத்துக் கோடியில் என் நாற்றுகள் வரிசையாக நின்றன.

"ஏனுங்க அக்கா, என் கோஸ் நாத்தைக் காணோங்க."

"எலி தின்னிருக்கும் அம்மிணி."

"எலி அதை வேரோட எடுத்து, உங்க பாத்தியில வரிசையா நட்டு, தண்ணியும் ஊத்துமாக்கா?"

"இந்த ஊரு எலி அப்படித்தான் கண்ணு."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எடுத்த குழியிலெல்லாம் பூண்டு ஊனி வெச்சுட்டுப் போயிருக்குங்க."

"பாத்தயா, நல்ல எலி. நீ பூண்டே போடு அம்மிணி. சுத்தி புதினா போடு. இந்த மண்ணுக்கு அதுதான் நல்லா வரும்."

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் முறையிட்டேன்.

"பூண்டும் காய்தானே" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

"எட்டு மாசக் குழந்தைக்குப் பூண்டையா மசிச்சு ஊட்டறது? டாக்டரம்மா காய்கறி குடுக்கச் சொல்லியிருக்காங்க."

குறட்டைதான் பதில்.

நான் விடவில்லை. பீன்ஸ் போட்டேன். நாலு இலை விட்டதும் அக்காவின் பாத்திக்குக் குடிபோய்விட்டது. பீட்ரூட் போட்டேன். அதுவும் வேலி தாண்டியது. என் சமையலறை வாசலைச் சுற்றிப் பூண்டும் புதினாவும்தான் கொழுகொழுவென்று வளர்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் கோஸ் ஒவ்வொன்றும் பாப்பா தலையைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. அக்கா ஒன்றைக்கூடப் பறித்துப் பொரியல் வைத்ததாகத் தெரியவில்லை. சந்தைக்கு அனுப்பக் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்து மழை இல்லாமல் ஓடை வற்றியிருந்த சமயம். பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் மறுபடி அந்தச் சத்தம். சரக், சரக். இந்தத் தடவை அக்காவின் பாத்தியிலிருந்து.

சரிதான், எனக்கு ஒன்று தரவேண்டி வருமே என்று இருட்டில் அறுக்கிறார்.

பாப்பா தொட்டிலில் தூங்கிவிட்டிருந்தாள். இவ்வளவு நாள் சேர்த்துவைத்த கோபமெல்லாம் திரண்டு வந்து, என்னைக் கதவு திறக்க வைத்தது. மூடுபனியில் வேலி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் குனிந்த முதுகு, கறுப்புக் கம்பளி.

மரியாதையாகவே ஆரம்பித்தேன். கான்வென்ட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"அக்கா, கம்பளி போர்த்திக்கிட்டா தெரியாதுன்னு நினைச்சீங்களா? கைக்குழந்தைக்கு ஒரே ஒரு கோஸ் குடுத்தா நீங்க என்ன குறைஞ்சா போயிருவீங்க?"

வாய் நிறைய மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. பச்சையாகவே தின்கிறாரே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பசின்னா சொல்லுங்கக்கா, சோறு போடறேன். அதுக்காக இப்படியா?"

"அம்மிணி" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய குரல். "நான் இங்க இருக்கறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது மெதுவாகத் தலையைத் தூக்கியது. இரண்டு கொம்பு. அதற்குப் பின்னால் இன்னும் சில முதுகுகள்.

முன்வாசல் வழியாகச் சுற்றி ஓடி வந்திருந்த அக்கா, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"காட்டு மாடு" என்றார் அக்கா, மூச்சு வாங்க. "கோடையில தண்ணி தேடி இந்தப் பக்கம் ஏறி வந்துரும். கோஸு, பீன்ஸுன்னா அதுக்கு உசுரு. பூண்டு வாசம் ஆகாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீ இருந்திருப்பயா? எலிக்கே அழுவறவ. அன்னிக்கே புள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறியிருப்ப. புருசன் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்னு ஆயிருக்கும். நீயானா பாப்பா தவழற வாசல்லயே கோஸை நட்டு வெச்சிருக்கற. அது மோந்துக்கிட்டு நேரா இங்கதான் வந்து நிக்கும். அதான் எல்லாத்தையும் என்ற ஊட்டுப் பக்கம் நட்டுக்கிட்டேன். வயிறு ரொம்புனா அப்படியே திரும்பிப் போயிரும்."

"தனியா இருக்கறீங்களேக்கா. உங்களுக்குப் பயமில்லையா?"

அக்கா தாழ்ப்பாளைப் போடப் போனார்; மூன்று தடவை தள்ளியும் அது துளையில் விழுவேனா என்றது. கடைசியில் நான்தான் அவர் கையைப் பிடித்துத் தாழ்ப்பாளை உள்ளே தள்ளினேன்.