கல்லு முந்தியா, குண்டு முந்தியா?

தாவீதுராஜின் நெற்றியில் கட்டியிருந்த துணியில் மறுபடியும் இரத்தம் கசிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினான்.

"கையைக் கீழே போடு!" என்று டிப்டி கலெக்டர் அதட்டினார். அதிகாரிகள் வந்தால் தங்கும் முசாபரி பங்களாவின் ஒரே வாசலை இரண்டு பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எவ்வளவு நேரமா கேக்கறேன்? முதல்ல கல் விழுந்ததா, முதல்ல நீ சுட்டியா?"

"ஞாபகம் இல்லீங்கய்யா."

"இப்படிப் பதில் சொல்ற போலீஸ்காரனை நான் பார்த்ததே இல்லை."

நாற்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்டு மாதம். திருச்சுழிச் சாலையில் ஒரு சின்ன ஊரின் ஸ்டேஷன் முன்னால் வெள்ளையனை வெளியேறச் சொல்லிக் கூட்டம் கூடியிருந்தது. அதை அடக்க வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களில் தாவீதுராஜும் ஒருவன். கல் பட்டது, இன்ஸ்பெக்டர் "ஃபயர்" என்று கத்தியது, இவன் விசையை இழுத்தது எல்லாம் அவன் தலைக்குள் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. பாலவனத்தத்துத் தறிக்காரன் செல்லத்துரை செத்துப்போனது மட்டும் குழம்பவில்லை.

"கல்லுக்கு அப்புறம் சுட்டிருந்தா கடமை. முன்னாடி சுட்டிருந்தா கொலை. நான் எதை எழுதறது?"

வீட்டிலும் இதே விசாரணைதான். "கல்லு முந்தியா, குண்டு முந்தியா? அதைச் சொல்லாம கோயில்ல பாதிரியார் குடுக்கிற ராப்போசனத்துக்கு என் பக்கத்துல வந்து முழங்கால் போடாதீக" என்று மனைவி ரூத் சொல்லிவிட்டாள். ஒரு கல்லுக்கு ஓர் உயிர் சரியாகிவிடுமா என்று அவள் இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்குள் ஒரு சாட்சியைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் அவன் அலைந்தான்.

சாட்சி கிடைத்தும் விட்டாள். காலையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ராக்கம்மாள், அவன் நெற்றிக் கட்டைப் பார்த்து, "அடப் பாவமே, அந்தக் கல்லு ஒங்க மேலயா விழுந்துச்சு?" என்றாள். எறிந்ததைக் கண்ணால் பார்த்தாளாம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி வருவது என்று தயங்கியவளை, கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தான்.

"எழுதறது பிறகு. முதல்ல வாயால சொல்லும்மா. என்ன பார்த்தே?" என்றார் டிப்டி கலெக்டர்.

தரையில் உட்கார்ந்திருந்த ராக்கம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பயலுக கொடியைப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் படிச்சானுகய்யா. தொண்டை கிழியக் கத்துனானுக. பொறவு அவுக குனிஞ்சு ஒரு கல்லை எடுத்து வீசுனாக. அதுக்குப் பொறவுதான் டப்பு டப்புன்னு வெடிச் சத்தம்."

"கல்லுக்குப் பிறகுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எத்தனை மட்டம் கேட்டாலும் அதேதான். அவுகதான் முந்தி எறிஞ்சாக."

பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிரித்துவிட்டார். "கல்லெறிஞ்ச காலிப் பயலுகளுக்கு இம்புட்டு மரியாதையா ஆத்தா?"

ராக்கம்மாள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தாவீதுராஜ் மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கல்லு முந்தி. இன்றைக்கே போய் ரூத்திடம் சொல்லிவிடலாம். அதற்கு மேல் அவள் கேட்டால், கல்லெறிந்தவனைப் போய்க் கேள் என்று சொல்லிவிடலாம்.

டிப்டி கலெக்டர் பேனாவை எடுத்தவர், எழுதாமல் நிறுத்தினார். "எறிஞ்சது யாரு? அந்தப் பேர் வேணும். பேர் இல்லாட்டி இந்தச் சாட்சி நிக்காது."

ராக்கம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

அந்த அறையில் ராக்கம்மாளைத் தவிர அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள். போலீஸில் உள்ளூர் ஆட்களை முகம் தெரிந்தவர் ஏட்டு வீரபத்திரன் ஒருவர்தான். கூட்டத்தன்று உடுப்பைக் கழற்றிவிட்டு வேட்டியோடு கூட்டத்துக்குள் புகுந்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து வைத்தவர். அவரும் விடிந்ததும் கைதிகளை ஓட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார்.

"பயப்படாதேம்மா. சர்க்கார் உன் பக்கம். பேரைச் சொல்லு."

"பயமெல்லாம் இல்லீங்கய்யா. பேரு எனக்கு வாயில வராது."

"தெரியாதா?"

"தெரியாம இருக்குமா?"

"பிறகென்ன?"

அவள் காலின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாவீதுராஜ் அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தாயி, ஒங்களைக் கும்பிடுறேன். அந்த ஒத்தப் பேருலதான் நான் மனுசனா, கொலைகாரனான்னு இருக்கு. சொல்லிருங்க தாயி."

"என்னய்யா நீங்க, நானா மாட்டேங்கிறேன்?" ராக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேருதான் சொல்லக் கூடாது. ஆளு எதிர வந்தாக் காட்டிப்புடுவேன்."

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நின்றிருந்த இருவரும் விலகி வழிவிட்டார்கள். ஏட்டு வீரபத்திரன் உள்ளே வந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"கைதிகளை ஒப்படைச்சாச்சுங்கய்யா."

ராக்கம்மாள் சட்டென்று எழுந்து, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

"இந்தா, அவுகளே வந்துட்டாகளே!"