குழாய் போட்டிருந்த கம்பளிச்சட்டை

இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஜனவரிக் காலை. சமையலறைச் சுவரில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் மூன்று முறை பொறி தட்டிப் பார்த்துவிட்டு, பேரம் படியாத வியாபாரிபோல வாயை மூடிக்கொள்கிறது. கெட்டிலோடு கொல்லைப்பக்கம் போய்வந்த மெக்கானிக் பெண் ஜானின் சிரிக்கிறாள். "கேஸும் வருது, பொறியும் வருது. கழிவுத்தண்ணிக் குழாய்தான் வெளியே உறைஞ்சுபோச்சு ஐயா, அது அடைச்சா பாய்லர் எரியாது. வெந்நீர் ஊத்திட்டேன். அதுல சுத்தியிருந்ததை எந்தப் புண்ணியவான் உருவினது?" மேல்கோட்டுக்குள் நடுங்கும் வீட்டுப் பெரியவர் கிளிஃபர்டு எதிர் நாற்காலியைக் காட்டுகிறார். அதன் முதுகில் ஒரு பச்சைக் கம்பளிச்சட்டை. "நான்தாம்மா. என் சம்சாரம் டோரீனோடது. போன வாரம் அவளைப் புதைச்சுட்டு வந்தேன். அவளும் பனியில, இதுவும் பனியில. இதையாவது உள்ளே கொண்டுவரலாமேன்னு." அவள் சிரிப்பு நின்றுபோகிறது. "குழாய்க்கு நான் வேற உறை மாட்டிவிடறேன்." மறுபடி பொத்தானை அழுத்துகிறாள், நீலச்சுடர் பிடிக்கிறது. கிளிஃபர்டு கோட்டைக் கழற்றாமலே அந்த நாற்காலியை ரேடியேட்டர் பக்கம் நகர்த்துகிறார். "அவளுக்குக் குளிரே ஆகாது."