ஆரஞ்சுக் கோட்டு

ஸ்டூடியோ நடத்தும் ஜெபமணி ஒரே படத்தைத் திரையில் இரண்டாக வைத்துக் காட்டினாள். ஒன்று கலர், ஒன்று கறுப்பு வெள்ளை. கோமதிநாயகம் தனியாக மணாலிக்குப் போனபோது, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்த படம். கல்யாண வீட்டுப் படங்களில் எல்லாம் ஓரத்தில் பாதித் தோளாக நிற்பவர், இதில் மட்டும் நட்டநடுவே நின்று சிரிக்கிறார். பனி இரண்டிலும் ஒரே வெள்ளைதான். அங்கே வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கொண்ட ஆரஞ்சு நிறக் கோட்டு மட்டும் ஒன்றில் தீயாக எரிந்தது, மற்றதில் சாம்பலாக இருந்தது.

“எவ்ளோ பெருசு போடணும் அண்ணாச்சி?”

“சுவர்ல மாட்டுற அளவுக்கு. சட்டமும் போட்டுரும்மா. என் காலத்துக்கு அப்புறம் வேணும்லா.”

வயதானவர்கள் முன்கூட்டியே படம் போட்டு வைத்துக்கொள்வது அந்தக் கடைக்குப் புதிதில்லை.

“அப்ப கறுப்பு வெள்ளைதான் நல்லது அண்ணாச்சி. மாலை போட்டா பூ நல்லா எடுப்பாத் தெரியும்.”

அவர் எழுந்து வந்து, திரையில் தன் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு வளைவு வரைந்து பார்த்தார்.

“மாலை போட ஆளில்லம்மா. கலர்லயே போடு.”