யாருக்கு அவசரம்?

அலுவலகத்தில் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவளிடம் வந்தது.

"முதல்ல யாருக்கும்மா அவசியமா வேணும்?" என்றார் மேலாளர்.

"கணக்குப் பிரிவுல எங்க மாமாவுக்கு சார். தூக்கமே இல்லாம தவிக்கிறார்னு அக்கா புலம்புறா."

"வேற?"

கைநடுக்கத்தை மறைத்துக்கொண்டு வேலை பார்க்கும் தோழியையும், கழிப்பறையில் அழுதுவிட்டு வரும் வரவேற்பறைப் பெண்ணையும் சொன்னாள்.

"ரொம்ப உதவிம்மா. மூணு பேரை வீட்டுக்கு அனுப்பணும்னு மேலிடத்து உத்தரவு. யாரைன்னு தெரியாம தலையைப் பிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப பயிற்சி சார்?"

"நடக்கும். மத்தவங்களுக்கு."

இருக்கைக்குத் திரும்பினாள். கோபமோ அழுகையோ வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

மாமா தேநீரோடு வந்து நின்றார். "பயிற்சியில எனக்கு ஒரு இடம் கிடைக்குமாம்மா?"

"உங்க பேரைத்தான் மாமா முதல்ல சொன்னேன்."