விசிறித் தூசி

கணினித் திரை கறுப்பாகவே இருந்தது. இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது.

மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

அதே கோடு.

உள்ளே இரண்டு பற்கள் மாட்டிக்கொண்டிருந்தன.

முன்பற்கள். பூபதிராஜ் என்கிற மாப்பிள்ளைக்கு. பத்திரிகை வைக்கப் போன வழியில் பைக்கோடு விழுந்து இரண்டையும் உடைத்துக்கொண்டவன். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். கணினியில் அவள் வரைந்து அனுப்பும் பல்லைக் கோயம்புத்தூரில் ஓர் இயந்திரம் கடைந்து தரும். இன்று பகல் ஒரு மணிக்குள் வரைபடம் போய்ச் சேர்ந்தால்தான் சனிக்கிழமை பல் கைக்கு வரும்.

ஒன்று முடிந்துவிட்டது. மற்றதில் ஓரம் மட்டும் பாக்கி.

மணி பத்தே கால்.

கைபேசி அடித்தது. மாப்பிள்ளையேதான். பல் டாக்டரிடம் அவள் எண்ணை வாங்கியிருந்தான்.

"அக்கா, ஆயிருமுங்களா? நேத்து போட்டோக்காரர் சிரிங்க சிரிங்கன்னாருங்க. நான் வாயையே தொறக்கலீங்க. கட்டிக்கப்போற புள்ள நான் கோவமா இருக்கறன்னு நெனச்சுக்கிச்சு."

"ஆயிரும் தம்பி" என்றாள். சொல்லி வைத்த பிறகுதான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

இந்த வீட்டில் கணினிக்கு வைத்தியர் ஒருவர்தான். அவள் கணவர். அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியர். கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தவிர எதையும் வீட்டுக்குள் விடமாட்டார். இன்று அவருக்குச் செய்முறைத் தேர்வு. கைபேசி தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில் கிடக்கும். மாலைதான் கைக்கு வரும்.

நல்ல நாள் பார்த்துப் படுத்திருக்கிறது, சனியன்.

நாள்காட்டிக்குப் பக்கத்தில் ரசீது குத்தும் கம்பி தொங்கியது. கணினியில் எதைத் தொட்டாலும், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி அதில் குத்திவைப்பது அவர் வழக்கம். கரண்ட் பில்லுக்கும் கேஸ் ரசீதுக்கும் நடுவில் அந்தத் தாள்கள் கிடக்கும். அவள் ஒருநாளும் படித்ததில்லை.

இறக்கிப் பார்த்தாள்.

மேலே இருந்தது போன ஞாயிற்றுக்கிழமைத் தாள். முன்பக்கம் ராசிபலன். பின்பக்கம் அவருடைய கரும்பலகைக் கையெழுத்து.

'பல்லைத் திருப்பினால் படம் நின்று நின்று வருகிறதாம். படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். பழையதை நிறுத்திவிட்டேன். இப்போது நல்ல வேகம்.'

இரண்டாம் முறையும் படித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கையின் வளைகாப்புக்குப் போயிருந்தாள். போகும் முன் கணினியின் மூடியைக் கழற்றி, விசிறியில் இருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை பல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. பெருமை தாங்கவில்லை. தோசைக் கரண்டியோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"தூசிதானுங்க தட்டுனேன். பறக்குது பாருங்க. இத்தன வருசமா உங்களுக்குத் தோணுச்சா?"

மூன்று நாள் இதையே சொன்னாள். தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

"அப்படியா அம்மிணி, பரவால்லையே" என்றதோடு சரி, அவர் தோசையைச் சாப்பிட்டார்.

மனுஷன்.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. வாய் திறக்காத மாப்பிள்ளை ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

தாளின் கீழ்ப்பாதி:

'அப்டேட் கேட்டால் கொடுக்கக் கூடாது. அது இன்னொரு டிரைவரைக் கொண்டுவரும். இரண்டும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்தால் திரை கறுத்துவிடும்.'

நேற்று மாலை திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சரி என்று அழுத்தியிருந்தாள்.

அதற்கும் கீழே:

'கறுத்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தவும். பதற வேண்டாம். பிறகு இந்த நான்கு வரிகள்.'

கணினி முன்னால் அவர் பதறி அவள் பார்த்ததே இல்லை. இந்த வரி அவருக்காக எழுதியது அல்ல.

மூன்றையும் அழுத்தினாள். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

இடது கை விரலைத் தாளில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். முதல் வரி, நேற்று அவள் உள்ளே விட்டதை வெளியே அனுப்பியது. இரண்டாவது வரியில் ஓர் இடைவெளி விட்டுப்போய்க் கணினியிடம் திட்டு வாங்கினாள். மறுபடி தட்டினாள். மூன்றாவது வரி அவர் போட்டதைத் திரும்பப் போட்டது. அதற்கு வெகுநேரம் பிடித்தது. உட்கார முடியாமல் அரிசி களைந்து வைத்துவிட்டு வந்தாள்.

நான்காவது வரி. அணைந்து தொடங்கியது.

கறுப்பு.

இன்னும் கறுப்பு.

பிறகு நீலத் திரை விரிந்தது. பவானிசாகர் அணை முன்னால் அவரும் அவளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

பல்லைத் திறந்து திருப்பினாள். வழுக்கிக்கொண்டு சுழன்றது.

பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டு பற்களும் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தன.

'ஆயிருச்சு தம்பி' என்று செய்தி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. வாயெல்லாம் சிரிப்பு. நடுவில் இரண்டு பல் இடம் காலி.

நாள் முடியும் முன்பே இன்றைய தாளைக் கிழித்தாள். பின்பக்கத்தில் 'தூசி இல்லை. நான்கு வரியும் தட்டினேன்' என்று எழுதி, அவருடைய தாளுக்கு மேலே குத்தினாள்.

ஐந்தரைக்கு வந்தார். கை கால் கழுவினார்.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா அம்மிணி?"

"காலைல கொஞ்சம் மக்கர் பண்ணுச்சுங்க. தூசிதான். தட்டுனேன், சரியாயிருச்சு."

"பரவால்லையே" என்றார்.

டீ டம்ளரோடு நாள்காட்டிப் பக்கம் போனார். அது நாளைய தேதியைக் காட்டியது. அதைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பார்த்தார்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கல்லில் எண்ணெய் விட்டாள்.