ஆறாம் பேராசிரியரின் காது

நூற்பாலை முதலாளி ஒருவர் பெருந்தொகை கொடுத்துப் பல்கலைக்கழகத்தில் நிறுவிய இசைப் பேராசிரியர் இருக்கைக்கு ஒரு விதி உண்டு. ஓய்வு பெறுகிறவர் வாழ்நாளெல்லாம் கேட்டதை அங்கேயே விட்டுப் போகவேண்டும். அடுத்து வருகிறவர் அதைக் காதில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது பேராசிரியராகச் செம்மலர் பதவியேற்றபோது, முன்னவர்கள் ஐந்து பேரும் மிளகளவுக் கருவியாக அவள் காதுக்குப் பின்னால் குடியேறினார்கள். வீடு திரும்பும் வழியில் ரயில் கடந்தது. அவள் விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போட்டன. இரண்டாம் பேராசிரியர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்.

வாசலில் கால் வைத்ததும் கைக்குழந்தை ஆதன் வீறிட்டான். செம்மலர் அப்படியே நின்றுவிட்டாள். தினமும் கேட்கிற அழுகைதான். அதற்குள் இத்தனை சுரங்களா! எந்த ராகத்திலும் அடங்காமல் அது வழுக்கி ஏறியது, உடைந்தது, மறுபடி எழுந்தது. உள்ளே ஐந்து மேதைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஏம்புள்ள, பையன் பசியில கத்தறான், நீ பாட்டுக்கு நின்னுட்டிருக்கறே?" என்றான் கணவன் கதிரவன்.

"இருங்க. இந்த மாதிரி ஒண்ண இவங்க யாருமே கேட்டதில்லீங்க."

சொல்லி முடிப்பதற்குள் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையை வாரியெடுத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அழுகையும் இனி இருக்கையின் சொத்து. நூறு ஆண்டுகள் கழித்து, அவளை அறியாத யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ, நிறைந்த சபையில் பாடிக்கொண்டிருப்பார். தெருவில் ஒரு குழந்தை அழும். பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவர் எழுந்து ஓடுவார், ஏன் ஓடுகிறோம் என்றே தெரியாமல்.